பீடிக் கணக்கு

எழுதிக்கோ சார்ன்னேன்.
பேரு தேசப்பன், தகப்பன் பேரு கன்னியப்பன்,
காசிமேடு, போட்டு டிரைவர்.
வயசுக்கு எடம் வுட்டுக்கோ,
கார்டுல ஒண்ணு இருக்குது, அம்மா சொன்னது ஒண்ணு.

மொத தபா அமாவாசைக்கு மறுநாளு.
நாப்பது பாகம் தண்ணி.
எண்ணூர் புகைபோக்கியோட செவப்பு வெளக்கு
போட்டு ஏறுனா தெரியும், எறங்குனா தெரியாது,
அந்த எடம்.
வலை உள்ள கெடக்குது, வன்னி வெள்ளம் இழுக்குது.
நாகூரானும் நானும்தான் முழிச்சிக்கினு இருந்தோம்,
மத்தவனுங்க ஐஸ் பொட்டி மேலயே தூங்கிட்டானுங்க.

கெழக்கால இருந்து வந்துச்சு. வெளக்கு இல்ல.
சத்தம் அப்புறந்தான்.
மொதல்ல நட்சத்திரம் ஒண்ணொண்ணா அணைஞ்சு எரிஞ்சுது,
ராவுல ஜன்னலுக்கு வெளிய
யாரோ ஓரமா நடந்து போற மாதிரி.

'அடையாளம் தெரியாத வானூர்தி ஒன்று'ன்னு எழுதுனாரு.
ஒண்ணா ரெண்டா, இருட்டுல எனக்கு எப்படி சார் தெரியும்ன்னேன்.
பேனாவ நிறுத்துனாரு, அடிச்சாரு,
மறுபடியும் ஒன்றுன்னே எழுதுனாரு.

கரைக்குள்ள வந்ததா?
வரல சார். கரைய மோந்து பாத்துது.
வஞ்சிரம்னா ஒரே அடி, நரம்பு கைய அறுத்துடும்.
இது ஓரா கொத்துற கொத்து.
எரைய முழுங்காது.
உதட்டால தொடும், வுடும்,
மேல புடிச்சிக்கினு இருக்கிறவன்
முழிச்சிருக்கானான்னு பாக்கும்.
அப்புறம் வளைஞ்சு போயிடும்.

எவ்வளவு நேரம்?
வாட்ச் கட்டுறதில்ல சார், உப்பு தின்னுடுது.
நமக்கு பீடிதான் கணக்கு.
அன்னிக்கு முழுசா ஒரு பீடி ஆச்சு.
ரெண்டாவது பத்தவெச்சு நாலு இழுப்பு,
மேக்கால இருந்து நம்மளுது வந்துச்சு,
போட்டுல இருந்த தட்டெல்லாம் அதிருது.
வந்து பாத்தா அங்க யாருமில்ல.
வானந்தான்.

நாலு நாளு கழிச்சு மறுபடி,
இந்த தபா பழவேற்காட்டுப் பக்கமா, வடக்க.
பீடி நூலுக்கிட்ட வரல, அதுக்குள்ள
நம்மளுது வந்து நின்னுது.
நாகூரான் விசில் அடிச்சான் சார்.
எனக்கும் மார்ல ஒரு இது.
மூணாவது தபா

அவரு பேனாவ மூடிட்டாரு.
வாசல்ல நின்ன கான்ஸ்டபிள
கதவ சாத்தச் சொன்னாரு.
'இத வேற யார்கிட்ட சொன்ன?'
எத சார்?
'பீடிய.'

யார்கிட்ட சொல்லாம வுட்டேன்.
ஏலத்துல கூடை எறக்கும்போது சொன்னேன்,
ஐஸ் ஒடைக்கிறவன்கிட்ட, டீசல் பங்க்குல,
வயர்லெஸ்ல பக்கத்து போட்டுக்கு சிரிச்சிக்கினே
'அன்னிக்கு ரெண்டு மச்சான், இன்னிக்கு ஒண்ணு'ன்னு,
கடல் முழுக்க கேக்குற மாதிரி.

அப்பதான் ஒறைச்சுது.
அம்மாந்தூரம் எண்ணெய எரிச்சிக்கினு
வெளக்கணைச்சு வந்தவன் தேடுனது,
நான் ஓசியில பொகை வுட்டுக்கினு
எண்ணி வெச்சிருந்தத.

கையெழுத்து போட்டேன்.
தாள்ல பீடி இல்ல.
அந்த எடத்துல 'சிறிது நேரம்'னு இருந்துச்சு.
மூணாவது தபா என்னாச்சுன்னு அவரு கேக்கல,
கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ.

வீட்டுல தனபாக்கியம் கேட்டா,
'போலீஸ்காரன் எம்மா நேரம் ஒக்கார வெச்சான்?'
வாய் வரைக்கும் வந்துச்சு.
சிறிது நேரம்ன்னேன்.
மொறைச்சா.

நேத்து ராத்திரி மறுபடியும் நட்சத்திரம் அணைஞ்சுது.
நாகூரான் தீப்பெட்டிய நீட்டுனான்.
பீடிய காதுல சொருவிக்கினேன்.
வயர்லெஸ் கொரகொரங்குது, யாரோ என் பேரச் சொல்லி
கூப்புடுறானுங்க, எடுக்கல.
வலையப் புடிடான்னு சொல்லிட்டு
கயித்தப் பாத்துக்கினே இருந்தேன்,
எண்ணக் கூடாதுன்னுதான்.
மூச்சு இருக்குதே,
அது பாட்டுக்கு எண்ணிக்கினே இருக்குது.